எட்டிழைக் கம்பி மாடியேறிய கதை

உத்திரமேரூர் கடைத்தெருவில் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனால் இதை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. மேலே நீலமோ சாம்பலோ ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே எட்டுச் செம்பு இழைகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. கடைக்காரர் ‘லேன் கேபிள்’ என்பார், கேமரா மாட்டுகிறவர் ‘கேட் சிக்ஸ்’ என்பார். வைஃபை வந்துவிட்ட காலத்தில் இதற்கு வீட்டில் என்ன வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மாடியில் நெட் வராத வீட்டில், மற்ற வைத்தியமெல்லாம் பார்த்து முடித்த பிறகு கடைசியாக இதைக் கூப்பிடுகிறார்கள். முதலிலேயே கூப்பிட்டிருந்தால் வீண் செலவு மிச்சமாகியிருக்கும்.

இந்தக் கம்பி காஞ்சிபுரம் மாவட்டத்து மாடி வீட்டுக்குள் வந்து சேர 140 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இடையில் இரண்டு மூன்று முறை, ‘இனி எல்லாம் காற்றிலேயே போகும், கம்பிக்கு வேலையில்லை’ என்று பேசப்பட்டது. ஒவ்வொரு முறையும் அது திரும்பி வந்தது.

முறுக்கு வந்த விதம்

தொலைபேசி பிறந்த புதிதில் ஒற்றைக் கம்பிதான் ஓடியது. மறு கம்பியின் வேலையைப் பூமியே பார்த்தது. பக்கத்தில் ஓடிய தந்திக் கம்பியின் ஓசை அந்த ஒற்றைக் கம்பியில் ஏறி, பேச்சை விழுங்கியது. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று கண்டு, 1881இல் அதற்குக் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். தொலைபேசிக்குப் பேர் வாங்கிய அதே பெல்தான்.

காரணம் எளிது. இரண்டு கம்பியும் முறுக்கிக்கொண்டே போவதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டின் மீதும் ஒரே அளவில் விழுகிறது. மறுமுனையில் இருக்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துபோகிறது. இன்றைய லேன் கேபிளில் நான்கு ஜோடிகளும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருப்பதும் இதே கணக்கில்தான்: ஒரு ஜோடி பேசுவது பக்கத்து ஜோடிக்குக் கேட்கக் கூடாது. முனையில் ஜாக் மாட்டும்போது முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதே என்று விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் தன் உதவியாளனைக் கடிந்துகொள்வது பெல் காலத்துப் பாடம்.

பெல் காப்புரிமை வாங்கிய அடுத்த ஆண்டு, 1882 ஜனவரியில், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் முறைப்படி திறக்கப்பட்டன. சென்னைக்கு வந்த தொலைபேசி உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு வர வெகுகாலம் பிடித்தது. அது தனிக்கதை.

ஹவாயில் காற்று, கலிபோர்னியாவில் கம்பி

கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியபோது முதல் முயற்சிகளில் ஒன்று காற்றிலேயே நடந்தது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஆப்ராம்சன் குழு, தீவுகளில் சிதறிக் கிடந்த வளாகங்களை வானொலி அலையால் இணைத்து 1971இல் ‘அலோகாநெட்’ என்ற வலையமைப்பை ஓடவிட்டது. யார் வேண்டுமானாலும் நினைத்த நேரத்தில் பேசலாம். இருவர் பேச்சு மோதிக்கொண்டால் இருவரும் சற்றுப் பொறுத்து மறுபடி சொல்ல வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முறையில், அலைவரிசையின் மொத்தக் கொள்ளளவில் அதிகபட்சம் 18 விழுக்காடுதான் உருப்படியாகப் பயன்படும். மீதி மோதலிலும் காத்திருப்பிலும் போய்விடும்.

இந்தக் கணக்கை ஊன்றிப் படித்தவர் ராபர்ட் மெட்காஃப். கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த அவர் 1973 மே 22 அன்று ஒரு குறிப்பு எழுதினார். அலோகாநெட் காற்றில் செய்ததை ஒரு கம்பிக்குள் செய்வோம். பேசும் முன் கம்பியில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பேசுவோம் என்பது அதன் சாரம். டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அவர் செய்து காட்டியதுதான் ஈதர்நெட். அதன் முதல் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட்.

அப்போது பயன்பட்டது கோ-ஆக்சியல் கேபிள். அலுவலகம் முழுக்க ஒரே கேபிள் ஓடும். வழியில் இருக்கும் கணினியெல்லாம் அதில் தொற்றிக்கொள்ளும். ஓரிடத்தில் கோளாறு வந்தால் மொத்த அலுவலகமும் முடங்கும். 1990இல் வந்த புதிய தரநிலை பெல்லின் முறுக்குக் கம்பியைத் திரும்ப அழைத்துவந்தது. ஒவ்வொரு கணினிக்கும் நடுவில் உள்ள பெட்டியிலிருந்து தனித்தனிக் கம்பி. ஒன்று அறுந்தால் ஒன்றுதான் போகும். வேகம் நொடிக்கு 10 மெகாபிட். 1995இல் அது 100 ஆனது, 1999இல் 1000. ஒரு கம்பியின் நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் மாறவே இல்லை. எவ்வளவு பெரிய மாடி வீடானாலும் இந்த நீளம் தாராளம்.

ஊருக்கு வந்த வழி

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. பெருநகரங்களைத் தாண்டிக் கிராமத்துக்கு அதை எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் முதலில் கிடைத்த விடையும் காற்றுதான். சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய ‘கார்டெக்ட்’ தொழில்நுட்பம், கம்பி இழுக்காமல் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்துக்கும் தொலைபேசியையும் இணையத்தையும் சேர்த்துக் கொண்டுபோனது. 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் அதைக் கொண்டு கிராம இணைய மையங்கள் திறக்கப்பட்டன. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். மின்னஞ்சலுக்கும் அரசு விண்ணப்பத்துக்கும் அது போதுமாக இருந்தது. படமும் வீடியோவும் வந்தபோது போதவில்லை.

2005இல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கியபோது மறுபடி கம்பி வந்தது, பழைய தொலைபேசிச் செம்புக் கம்பி. நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே பிராட்பேண்ட் என்று அரசு வரையறுத்திருந்த காலம் அது. 2013இல் அந்த வரையறை 512 ஆனது. 2023இல் 2 மெகாபிட். தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட வேகம் இறங்கும் என்பதால், ஊர்க்கோடி வீடுகளுக்கு விளம்பரத்தில் சொன்ன வேகம் எட்டியதே இல்லை.

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய கண்ணாடி இழைத் திட்டம் பின்னால் ‘பாரத்நெட்’ ஆனது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளையும் இழையால் இணைக்க 2018இல் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம், சுருக்கமாக டான்ஃபினெட், தொடங்கப்பட்டது. உத்திரமேரூர் ஒன்றியத்தில் மட்டும் 73 கிராம ஊராட்சிகள். அரசுத் திட்டம் ஒரு பக்கம் ஊர்ந்துகொண்டிருக்க, டிவி கேபிள் இழுத்துக்கொண்டிருந்த உள்ளூர் கேபிள்காரர்களே தனியார் நிறுவனங்களோடு சேர்ந்து கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு இழையைக் கட்டிக்கொண்டு போனார்கள். 2020 மார்ச் ஊரடங்கில் பள்ளியும் அலுவலகமும் வீட்டுக்குள் வந்ததும் அந்த இழைக்குக் கிராக்கி கூடிற்று.

கண்ணாடி இழையின் கணக்கே வேறு. கேபிள்காரர் அலுவலகத்திலிருந்து புறப்படும் ஓர் இழை வழியில் பிரிப்பான் வைத்து 32 வீடுகளாகவும் 64 வீடுகளாகவும் பிரிகிறது. 1490 நானோமீட்டர் அலைநீள ஒளி வீட்டை நோக்கி வர, 1310 நானோமீட்டர் ஒளி அதே இழையில் வீட்டிலிருந்து போகிறது. இரண்டும் மோதுவதில்லை. சென்னைக் கடற்கரையில் கரையேறும் கடலடிக் கேபிள்கள் சிங்கப்பூருக்கும் அப்பாலும் நம்மை இணைக்கின்றன. அங்கிருந்து உத்திரமேரூருக்கு 100 கிலோமீட்டர் இழைப்பாதை என்றாலும் ஒளி அதைக் கடக்க அரை மில்லிநொடி போதும்.

இத்தனை தூரத்தையும் ஒரு குறையில்லாமல் கடந்து வந்தது, வீட்டுக்குள் நுழைந்ததும் பத்தடி உயரத் தளத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறது.

ஹாலில் நின்றுபோனது

ஏன் நிற்கிறது என்பதற்கு வீடு கட்டிய கதையைச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து வீடுகள் ஒரே மூச்சில் எழுந்தவை அல்ல. அப்பா காலத்தில் கீழ்வீடு. ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ பிள்ளைக்கு வேலை கிடைத்ததும் அதன்மேல் ஒரு மாடி. கல்யாணம் கூடிவந்தால் இன்னொன்று. கீழே சாமான் அறை, மேலே படுக்கையறை, அதற்கும் மேலே ஆஸ்பெஸ்டாஸோ தகரமோ போட்ட மொட்டைமாடி அறை. பிள்ளைகள் படிப்பதும், வீட்டிலிருந்து வேலை செய்கிற மருமகள் லேப்டாப்பை வைப்பதும் மேலேதான்.

கேபிள்காரர் வந்தபோது டிவி எங்கே இருக்கிறது என்று பார்த்தார். வாசலுக்கு அருகில் ஹாலின் மூலை. ஜன்னல் ஓரத்தில் ஒரு துளை போட்டு இழையை இழுத்து மோடத்தை அங்கேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அது சுலபமான இடம். வீட்டுக்கோ அது ஆகக் கோடியில் இருக்கும் இடம்.

மோடத்திலிருந்து புறப்படும் வைஃபை அலை மாடி அறையை அடைய வேண்டுமானால் தளத்தைத் துளைக்க வேண்டும். ஐந்து அங்குலக் கான்கிரீட், அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய இரும்புக் கம்பிக் கூடு. மோடம் வாசல் மூலையிலும் படுக்கையறை பின்பக்கத்திலும் இருந்தால் அலை தளத்தைச் சாய்வாகக் கடக்கிறது. ஐந்து அங்குலத்துக்குப் பதில் அது ஓரடிக்கு மேலும் கான்கிரீட்டுக்குள் போகவேண்டி வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையாவது தட்டுத்தடுமாறி மேலே வந்து ஒரு கோடு காட்டும். வேகம் தருகிற 5 கிகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் தளத்தோடு நின்றுவிடும். இரண்டாவது மாடிக்கு இரண்டு தளம்.

இதற்கு ஊரில் சொல்லப்படும் வைத்தியங்கள் சில. வழக்கமாகப் பேச்சு இப்படிப் போகும்.

“தம்பி, 100 எம்பி போட்டிருக்கேன், மாடியில பத்துகூட வர்ல.”

“200க்கு மாத்திடுங்கண்ணே, சரியாயிடும்.”

சரியாகாது. இழையில் வரும் அளவைக் கூட்டினால் ஹாலில் கூடும். தளம் தடுப்பது தடுத்துக்கொண்டேதான் இருக்கும். உத்திரமேரூர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. பல்லவர் காலத்து வைரமேக தடாகம் இன்றும் ஊருக்கு ஏரியாக இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலோடு ஏரி வாரியத்தையும் பேசுகின்றன. ஏரி எவ்வளவு நிரம்பினாலும் வாய்க்கால் இல்லாத மேட்டு வயல் காயத்தான் செய்யும். தண்ணீர் ஓடுகிற ஊரில் சொல்லித்தர வேண்டிய பாடமா இது?

அடுத்த வைத்தியம் ரிப்பீட்டர். படிக்கட்டுத் திருப்பத்தில் உள்ள பிளக்கில் செருகினால் கோடு நான்கும் நிறைந்துவிடும். வேகம் மட்டும் வராது. விலை குறைந்த ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் கேட்டதையே திரும்பச் சொல்கிறது. ஒரே சேதி காற்றில் இரண்டு முறை போவதால் வேகம் பாதியாகிறது. அதுவும் ஏற்கெனவே நலிந்துவந்த சேதி. ஹவாய் தீவுகளில் ஆப்ராம்சன் கண்ட நெரிசலின் வேறு உருவம் இது. வைஃபை பேசும் முன் கேட்டுவிட்டுத்தான் பேசும். என்றாலும் ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்ற விதியிலிருந்து அதற்கும் விடுதலையில்லை. இன்னும் சிலர் மாடிக்கென்று தனி இணைப்பே வாங்கிவிடுகிறார்கள். வேலை நடக்கும், மாதாமாதம் இரண்டு பில்.

கம்பி மாடியேறுகிறது

இங்கேதான் எலக்ட்ரிக்கல் கடைச் சுருள் உள்ளே வருகிறது. ஹாலில் உள்ள மோடத்தின் பின்னால் லேன் துளைகள் உண்டு. ஒன்றிலிருந்து கேபிள் புறப்பட்டு மாடிக்குப் போய், அங்கே ஒரு சின்ன வைஃபை பெட்டியில் முடிகிறது. தளத்தைத் தாண்டும் வேலை கம்பிக்கு. அறைக்குள் இருக்கும் பத்துப் பதினைந்து அடி மட்டும் காற்றுக்கு. இவ்வளவுதான் தீர்வு. நடுவில் உள்ள நுணுக்கங்களை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாங்கும்போது: கேட்5இ, கேட்6 இரண்டுமே 100 மீட்டர் வரை நொடிக்கு 1000 மெகாபிட் தாங்கும். கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் உலோகம். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய மலிவு கேபிள் சந்தையில் நிறைய உண்டு. அது எளிதில் முறியும், நீளம் கூடினால் நலியும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்பென்றால் உள்ளும் செம்பு நிறம். வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இழுக்கும்போது: மின்சார ஒயர் ஓடும் பைப்பிலேயே இதையும் நுழைத்துவிடலாம் என்று ஆசை வரும். கூடாது. உறை தேய்ந்தால் 230 வோல்ட் லேன் கம்பியில் ஏறும், உயிருக்கே ஆபத்து. தனிப் பைப் வேண்டும். மின் ஒயருக்குப் பக்கத்திலேயே நெடுந்தூரம் ஓடாமல் ஓரடியாவது தள்ளிப் போகட்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் நேர்க்கோணத்தில் கடக்கட்டும். வீட்டின் வெளிச்சுவரில் தொங்கவிட்டு மொட்டைமாடிக்கு ஏற்றுவது சுலபம்தான். ஆனால் சாதாரண கேபிளின் உறை நம் வெயிலுக்கு வெடித்துவிடும். இடி மின்னல் நாளில் திறந்தவெளியில் ஓடும் செம்பு மோடத்தையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போகும். படிக்கட்டுச் சுவரை ஒட்டி உட்பக்கமாகவே ஏற்றுவது நல்லது.

முனையில்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். 1000க்கு நான்கு ஜோடியும் வேண்டும். அதனால் மற்ற இரண்டு ஜோடிகளில் ஓர் இழை சரியாகப் பதியாவிட்டாலும் பெரும்பாலும் நெட் வரும், ஆனால் 100க்கு மேல் ஏறாது. ‘வேலை செய்யுதே’ என்று அதோடு விட்டுவிடாமல் எட்டு விளக்கும் எரிகிறதா என்று டெஸ்டரில் பார்த்துவிட வேண்டும்.

மேலே: பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். அதன் லேன் துளையில் கேபிளைச் செருகி, முகவரி பங்கிடும் வேலையை அதில் நிறுத்திவிட்டு, அதன் சொந்த முகவரியைக் கீழே உள்ள மோடத்தின் முகவரியோடு மோதாதபடி மாற்ற வேண்டும். வைஃபைப் பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதைப் போலவே இருக்கட்டும். போன் படியேறும்போது பெரும்பாலும் தானே மாறிக்கொள்ளும். அலைவரிசை மட்டும் வேறாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 மூன்றும்தான். கீழே 1, நடுவில் 6, மேலே 11 என்று கொடுத்துவிட்டால் மூன்று தளத்துக்கும் கணக்குச் சரி.

மின்வெட்டுக்கும் இந்தக் கம்பியிடம் ஒரு மருந்து உண்டு. 2003இல் வந்த தரநிலைப்படி லேன் கேபிளிலேயே மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பலாம். அந்த வசதி உள்ள சுவிட்சையும் மோடத்தையும் கீழே இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டால், அதை ஏற்கிற மாடிப் பெட்டிகள் எல்லாம் சுவிட்சிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் மாடியில் வகுப்பு நிற்காது. கேமரா மாட்டுகிறவர்கள் நெடுநாளாக இந்த வழியில்தான் வேலை பார்க்கிறார்கள்.

இடம் மாறாத பொருள்களையும் கம்பியில் சேர்த்துவிட வேண்டும். டிவி, மேசைக் கணினி, கேமரா பெட்டி ஆகியவை காற்றைவிட்டு இறங்கினால், நடமாடுகிற போன்களுக்கும் லேப்டாப்புக்கும் அந்தக் காற்று காலியாகக் கிடைக்கும். இரவு எட்டு மணிக்கு டிவியில் படம் ஓடும்போது மாடியில் வீடியோ அழைப்பு திக்காமலிருக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

வீடு கட்டுகிறவர்களுக்கு

முடிந்துபோன வீட்டில் இதையெல்லாம் செய்ய காடி வெட்டவும் பூச்சைப் பெயர்க்கவும் வேண்டியிருக்கும்; இல்லையென்றால் சுவரின்மேல் கேசிங் பட்டை ஓட்ட வேண்டும். புது மாடி எழுப்புகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. தளத்துக்குக் கம்பி கட்டும் நாளிலேயே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டால் ஒரு பைப் துண்டோடு வேலை முடிந்துவிடும். இன்று யாரும் மின்விளக்குக்குப் பைப் விடாமல் தளம் போடுவதில்லை. நெட்டுக்கு மட்டும் வீடு குடிபோன பிறகு யோசிக்கிறோம்.

ஆகவே தளம் போடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசலுக்கு அருகில் கண்ணாடி இழை உள்ளே வர ஒரு பைப், அங்கிருந்து ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனியாக ஓர் அங்குலப் பைப், நடுக்கூடத்துக் கூரையில் ஒரு பெட்டி, பைப்புக்குள் கேபிள் இழுக்க ஒரு கயிறு: இவற்றை மேஸ்திரியிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கேபிளைக்கூடப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கான்கிரீட் கொட்டிவிட்டால் பைப் வைக்க முடியாது.